பூட்டுக்காரர் வீட்டுப் புள்ளி

அந்த ஊரில் பூட்டே இல்லாத கதவு ஒன்று உண்டென்றால் அது பூட்டுக்காரர் வீட்டுக் கதவுதான். பூட்டு இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியே தெருவெளிச்சம் உள்ளே விழும். புதிதாகச் சாவி வெட்ட வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுறீங்க, உங்க வீட்டுக்கு ஒண்ணு போட்டுக்கப்படாதா?" என்பார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து பல்லைக் காட்டுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழுந்து போய்க் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வருவார். யாரும் தட்டியிருக்கமாட்டார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்தது எனக்குத் தெரியும்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் அதை நினைத்துக்கொள்வார். கட்டின மனைவியே அக்கம்பக்கத்தில் பேசும்போது "எங்க பூட்டுக்காரர்" என்றுதான் சொல்வாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருவைப் பார்த்த கதவு, அதை ஒட்டி ஒரு நீள மேசை, மேசையில் அரங்கள், இடுக்கி, சாவி வெட்டும் மெஷின். சுவர் முழுக்க ஆணியடித்து, வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மெஷின் ஓடும்போது அத்தனையும் சேர்ந்து லேசாகச் சிணுங்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஊரில் பாதிக் கதவு அவர் கைபட்டது. நினைத்தால் ஒரே ராத்திரியில் ஊரை வழித்துத் துடைத்துவிடலாம் என்று கிண்டல் செய்வார்கள். எந்தக் கிண்டலுக்கும் சிரிக்கிறவர், இதற்கு மட்டும் சிரிக்கமாட்டார். சாவி வெட்டும்போது ஒன்று பிசகிப்போனால், அந்த வீணான சாவியைக்கூட வந்தவர் கண்ணெதிரே இடுக்கியில் வைத்து ஒடித்துப் போடுவார். "பாத்துக்கங்க, ஒடிச்சாச்சு" என்பார். வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சொந்தத் தம்பியிடம் கொடுக்க யோசிக்கிற சாவி அது. அந்த நல்ல பெயர்தான் அவருடைய சொத்து. அதை அவர் கொஞ்சம் அதிகமாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார் என்பது என் எண்ணம்.

ஒரே மகன். கடைவீதியில் போன் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை. அப்பாவின் விரல்கள் அப்படியே அவனுக்கு. ஊசிமுனை மாதிரி சின்னத் திருகாணியைக்கூட ஒரே முறையில் எடுத்துவிடுவான். அப்பாவின் வாயும் அப்படியே, அதாவது வாயே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் அவர் திறந்த பூட்டும் இவன் திறந்த போனும் கிடக்கும். ஒருவர் திருப்புளியை மற்றவர் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். "வாய்ச்சதும் ஊமை, பெத்ததும் ஊமை" என்று திட்டிக்கொண்டே அந்த அம்மாள் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைப்பாள். அந்த வீட்டில் சந்தோஷம் என்றால் அவ்வளவுதான். அவர்களுக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

அம்மா மணிக்கொரு தரம் போன் பண்ணி "எங்கடா இருக்கே?" என்று பிடுங்கியெடுத்ததால், மகன் அவள் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். ஊர்ப் படம் விரியும். அதில் ஒரு நீலப் புள்ளி.

"இந்தப் புள்ளிதாம்மா நான். நான் எங்க போறேனோ இதுவும் அங்க போகும். இனிமே சும்மா சும்மா கூப்பிடாதே."

அவளுக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. புள்ளி கடைவீதியை விட்டுக் கிளம்பினால் அடுப்பைப் பற்றவைப்பாள். தெருமுனை திரும்பினால் தட்டை எடுத்து வைப்பாள். "உம் புள்ளை என்ன, புள்ளியா?" என்று பூட்டுக்காரர் அபூர்வமாக வாயைத் திறந்து கேலி செய்வார்.

அந்த நாட்களில்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவன் ஒரு வாலிபன். பைக்கை வாசலிலேயே சாய்த்துவிட்டு, கையிலிருந்த போனை டார்ச் லைட் பிடிப்பதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தான்.

"என் போன் தொலைஞ்சிடுச்சு. இந்த வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு காட்டுது. மரியாதையாக் குடுத்துடுங்க."

பூட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பூட்டு ஏதாவது ரிப்பேரா?" என்றார். அவன் கத்தினான். கத்தி ஓய்ந்து, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டான். அடுத்த வாரம் ஒரு பெண்மணி அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு கல்லூரிப் பெண். பிறகு ஒரு லாரி டிரைவர். எல்லோரும் வேறு வேறு ஆட்கள். ஒருவருக்கொருவர் ஒட்டு இல்லை, உறவு இல்லை. கையில் ஒரே ஊர்ப் படம், படத்தில் ஒரே வீடு.

"கதவுல ஒரு லென்ஸ் வெச்சிடலாம்பா. யாருன்னு பாத்துட்டுத் திறக்கலாம்" என்றான் மகன். இரண்டு பேரும் சேர்ந்து கதவில் துளை போட்டார்கள். சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க மகன் வெளியே போய் நின்று, லென்ஸுக்கு எதிரே கண்ணை உருட்டி நாக்கைத் துருத்திக் காட்டினான். உள்ளேயிருந்து பார்த்த பூட்டுக்காரருக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன் என்று எதிர்வீட்டு அம்மாள் இன்றைக்கும் சொல்கிறாள்.

லென்ஸ் வைத்த சில நாளில் போலீஸ்காரர் வந்தார். கூடவே போனைத் தொலைத்த ஒரு பெண்ணும் அவள் சொந்தக்காரர்களும். தெருவில் இருந்த ஜன்னல் எல்லாம் திறந்துகொண்டன. போலீஸ்காரர் மரியாதையான மனிதர்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வீட்டைச் சோதனை போட்டார். மகனுடைய கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. பை நிறையப் போன்கள்.

"கடைப் போன் சார். வீட்டுல வெச்சுப் பழுது பாப்பேன்" என்றான் மகன். போலீஸ்காரர் கடை முதலாளிக்குப் போன் போட்டார். எதற்கு வம்பு என்று அந்த ஆள், "அவன் எதை எதை எடுத்துட்டுப் போறான்னு நான் எங்க பாக்கறேன்?" என்று நழுவிக்கொண்டார். தேடிவந்த பெண்ணின் போன் அந்தப் பையில் இல்லை. இருந்தாலும் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு, "விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்று போலீஸ்காரர் கிளம்பிவிட்டார். ஜன்னல்கள் மட்டும் மூடவில்லை.

பூட்டுக்காரர் மகன் பக்கம் திரும்பினார்.

"அப்பா, அது தப்பாக் காட்டுதுப்பா. அந்த மேப்பே தப்பு. நான் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"அது மெஷின்டா. அதுக்கு உம்மேல என்ன பகை?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஒருத்தன் வந்தாத் தப்புங்கலாம். வர்றவன் எல்லாம் இந்த வீட்டையே காட்டுறான். ஊரே சாவியை எங்கிட்டக் குடுத்து வெச்சிருக்குடா. அதுல மண்ணள்ளிப் போட்டுட்டியே! போ. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே."

அம்மா இரண்டு பேருக்கும் நடுவே வந்து நின்றாள். மகன் இடுப்பில் மாட்டியிருந்த வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றினான். அவர் தன் கையால் அவனுக்கு வெட்டிக் கொடுத்த சாவி அது. மேசைமேல், அரத்துக்குப் பக்கத்தில், சத்தம் கேட்காமல் வைத்துவிட்டுப் போனான். எங்கே போகப்போகிறான், பசித்தால் வந்துவிடுவான் என்று அவர் நினைத்தார். அன்றைக்கே அம்மாவின் போனிலிருந்த நீலப் புள்ளி மறைந்துபோயிற்று. 'இடம் தெரியவில்லை' என்று மட்டும் காட்டியது.

மகன் போய்விட்டான். போனைத் தேடிவருகிறவர்கள் நின்றார்களா என்றால் அதுதான் இல்லை. அவன் போன மறுவாரமே ஒரு டீச்சர் வந்து நின்றாள். அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் தொலைத்த போன் இந்த வீட்டில் இருக்கிறது என்றாள். வீட்டில் கிழவனும் கிழவியும்தான் இருக்கிறார்கள். பஸ்ஸில் யார் போனார்கள்? பூட்டுக்காரருக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது. போலீஸ்காரர் பிறகு சாதாரண உடையில் வந்து பையைத் திருப்பிக் கொடுத்தபோது, மிச்சமிருந்ததும் தெளிந்தது.

"எல்லாம் கடைப் போன்தான். உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த மேப் கம்பெனியைக் கேட்டோம். அது அப்படித்தானாம்."

அது எப்படியென்றால், சில நேரம் ஒரு போன் எந்த ஊரில் இருக்கிறது என்பது வரைக்கும்தான் அந்தக் கம்பெனிக் கணினிக்குத் தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? அதற்கு வாய் வராது. ஊரின் நட்டநடுவை ஒரு கணக்குப் போட்டு எடுத்து, அங்கே ஒரு புள்ளியை வைத்து, "இதோ இங்கே" என்று அடித்துச் சொல்லிவிடும். அந்த நட்டநடு இடம் பூட்டுக்காரர் வீட்டு அடுக்களைச் சுவரில் வந்து விழுந்திருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரியாத அத்தனையும் அந்தச் சுவரில் இருப்பதாக ஊர் முழுக்கப் போன்களில் காட்டிக்கொண்டிருந்தது.

பூட்டுக்காரர் கடைவீதிக்கு ஓடினார். மகன் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். கூட வேலை செய்தவனுக்கும் அவன் போன இடம் தெரியவில்லை. போன் போட்டால் அணைந்தே கிடந்தது. தெரிந்த ஊர், தெரிந்த ஆள் என்று அலைந்து கால் ஓய்ந்து திரும்பினார். மகன் வைத்துவிட்டுப் போன சாவியை எடுக்கவும் மனமில்லை, அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யவும் முடியவில்லை. மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு அந்த வீடு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். போனைத் தேடுகிறவர்கள் போக, போன் வைத்திருந்த ஆளையே தேடுகிறவர்களும் வந்தார்கள். கணவனைத் தேடி ஒருத்தி. அக்காவைத் தேடி ஒரு தம்பி. ஒருநாள் ஒரு தகப்பன் வந்தார். மகள் வீட்டை விட்டுப் போய் நாளாகிவிட்டதாம். கத்தவில்லை, சண்டை போடவில்லை. பூட்டுக்காரர் புள்ளியின் கதையை விளக்கிச் சொல்ல, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எல்லாம் புரியுதுங்க. இருந்தாலும் உள்ளே ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்றார்.

பூட்டுக்காரர் மனைவிதான் அவரை உள்ளே அழைத்துப் போனாள். ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். அலமாரியைத் திறந்து காட்டினாள். அடுக்களைச் சுவரை அந்த மனிதர் கையால் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்கு வீடு காலியாகத் தெரியவில்லை. "அந்தப் பொண்ணு இங்கதாங்க எங்கயோ நிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். அடுக்களையில் வேலை செய்யும்போது சுவர்ப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டே நடப்பாள். பின்னறை விளக்கைப் பகலிலும் அணைக்கமாட்டாள். "இத்தனை பேர் இருக்கிற வீட்டுல இருட்டா இருந்தா எப்படி?" என்று ஒருநாள் அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவரையும் அது விடவில்லை. நடுப்பகலில் சாவியை ராவிக்கொண்டிருப்பார். பின்னால் யாரோ நின்று பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பார். ஆணியில் தொங்கும் சாவிகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

அவள் தட்டுகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்தாள். அவர் திறப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு தட்டலுக்கும் 'அவனோ' என்று ஓடி ஓடி, லென்ஸில் கண்ணை வைத்து, வேறு முகத்தைப் பார்த்துப் பார்த்து மனிதருக்கு வெறுத்துப்போயிற்று. வாடிக்கைக்காரர் என்றால் "பூட்டுக்காரரே" என்று வெளியிலிருந்தே குரல் கொடுப்பார். தேடிவருகிறவர்கள்தான் குரல் கொடுக்காமல் தட்டுவார்கள். குரல் இல்லாத தட்டல் என்றால் அவர் மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். இருந்த இடத்திலிருந்தே கத்துவார்.

மழைக்காலம் வந்தது. மனைவி தங்கை மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். போகிற வழியிலேயே அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பிரசவ வீட்டில் அதைக் கவனிக்க யாருக்கு நேரம்? இங்கே பூட்டுக்காரர் தனியாக உட்கார்ந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்காக ஒரு கொத்துச் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். மதியம் தூறல் போட ஆரம்பித்த நேரம், கதவில் தட்டல். மெதுவான தட்டல். குரல் இல்லை.

மெஷினை நிறுத்தாமலே கத்தினார். "நீ தேடி வந்தது இங்க இல்ல! போயிடு! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!"

வழக்கமாக இதற்கு வெளியிலிருந்து ஏதாவது பதில் வரும். திட்டு வரும், கெஞ்சல் வரும், சில பேர் கதவை உதைத்துவிட்டும் போவார்கள். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை, சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த சாவியை எடுத்து மாட்டினார். மழை பிடித்துக்கொண்டது. வெகுநேரம் கொட்டிவிட்டு, வெளிச்சம் மங்குகிற நேரத்துக்குத்தான் விட்டது. சாவிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கதவைத் திறந்தார். தெருவும் படியும் நனைந்து கிடந்தன. படியில் கதவை ஒட்டி ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தது. தெருநாய் ஒண்டியிருக்கும் என்று தாண்டிக்கொண்டு போனார். மறுநாள் மனைவி வந்து இறங்கியதும், "படியில நாய் படுத்திருந்துச்சு, கழுவி விட்டுடு" என்று சொல்லவும் செய்தார். அவளும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள்.

கழுவி முடித்து, போனைச் சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் எடுத்துப் பார்த்தவள் அடுக்களையிலிருந்து அலறினாள்.

"ஏங்க! தம்பி வந்துட்டான்! வீட்டுல இருக்கான்னு காட்டுதுங்க!"

பூட்டுக்காரர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். அவள் நீட்டிய போனில் ஊர்ப் படம். படத்தில் அவர்கள் வீடு. வீட்டின்மேல் நீலப் புள்ளி. இரண்டு பேரும் பின்னறைக்கு ஓடினார்கள், மாடிக்கு ஏறினார்கள், தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்கள். யாருமில்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கும்போது அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அது அவன் இல்லடி. அதே பாழாப்போன புள்ளி. எங்க இருக்கான்னு தெரியாதவனையெல்லாம் நம்ம வீட்டுலதானே கொண்டாந்து போடுது? அவனையும் போட்டிருக்கு."

"இத்தனை நாளாத் தெரியலைன்னுதானேங்க காட்டுச்சு? இன்னிக்கு ஏன் மாறணும்?"

"மெஷின் பேச்சைக் கேட்டு ஒரு தடவை கெட்டது போதும்."

அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மகன் வீட்டில் இருக்கிறான் என்றே நடந்துகொண்டாள். தட்டு எடுத்து வைத்தாள். அவன் கட்டில் விரிப்பை மாற்றினாள். அடுக்களைச் சுவரோரம் நின்று, "அந்தப் பொண்ணு தனியா நிக்குதுடா, பேச்சுக் குடு" என்று மெல்லச் சொல்வதை அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் மேப் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அட்டை, தோளில் பை, நல்ல சுறுசுறுப்பான பெண். வந்த உடனே கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள்.

"இந்த விலாசத்துல இருந்து ஒருத்தர் விடாம எழுதிக்கிட்டே இருந்தார் சார். எங்கப்பா அம்மா பாவம், அவங்க வாசல்ல வந்து எல்லாரும் கத்துறாங்கன்னு. எங்க ஆளுங்க கவனிக்க இவ்வளவு நாளாயிடுச்சு."

பூட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் தொடர்ந்தாள். புள்ளியை வேறு இடத்துக்கு மாற்றிவிடப் போகிறார்களாம். யார் வீடும் இல்லாத இடம். ஊருக்கு ஓரமாக இருக்கிற ஏரி, அதன் நடு.

"அங்க போய் யாரும் கதவைத் தட்ட முடியாது இல்ல?" என்று சிரித்தாள்.

அடுக்களையிலிருந்து வந்த மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ளையைத் தண்ணியில தூக்கிப் போடப் போறீங்களா?"

"அம்மா, அது வெறும் புள்ளிம்மா."

"அந்தப் பொண்ணு? அக்காவைத் தேடி ஒரு பையன் வந்தானே, அவ? எல்லாரையும் தண்ணியிலயா? இங்க இருந்துட்டுப் போகட்டும். நான் யாரையாவது ஒரு வார்த்தை சொன்னேனா? எத்தனை பேர் வேணும்னாலும் இருக்கட்டும்."

அவள் வாய்விட்டு அழுதாள். பூட்டுக்காரருக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. இப்படியே விட்டால் அவளையும் அந்தச் சுவருக்கே கொடுத்துவிட வேண்டியதுதான் என்று பட்டது. "மாத்திடும்மா. சீக்கிரம் மாத்திடு" என்றார்.

மாற்றிவிட்டார்கள். ஆட்கள் வருவது அடியோடு நின்றது. குரல் இல்லாத தட்டலே இல்லை. இதற்காகத்தானே தவம் கிடந்தார்? இருந்தும் அந்த அமைதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மெஷினை அடிக்கடி நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். ஏரிக்கரைப் பக்கம் சிலர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நிற்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மனைவி தன் போனைத் தொடவே இல்லை. புள்ளையைத் தண்ணீரில் பார்க்க முடியாது என்று அலமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கம்பெனிப் பெண், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் வந்தாள். பூட்டுக்காரர் அலமாரியிலிருந்து மனைவியின் போனை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒரு தடவை அவரே திறந்து பார்த்திருந்தார். அதில் கண்டதைக் கேட்கத்தான் காத்திருந்தார்.

"ஒண்ணை மட்டும் மாத்தாம விட்டுட்டீங்கம்மா. எம் பையனோடது. அது இன்னும் எங்க வீட்டுலயே நிக்குது."

"அப்படி விட்டுப்போகாதே சார். மாத்தினா எல்லாமே மாறிடும்" என்று அவள் போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். தெரு பெரிதாகி, வீடு பெரிதாகி, வாசலும் பின்பக்கமும் பிரிந்து தெரிந்தன. பிறகு நிமிர்ந்து கதவைப் பார்த்தாள்.

"இது அந்தப் புள்ளி இல்ல சார். அது உங்க அடுக்களைச் சுவர்ல இருந்துச்சு. இது வாசல்ல இருக்கு. படிமேல. இது நிஜமாவே அவர் நின்ன இடம்."

பூட்டுக்காரர் போனுக்கு மேல் குனிந்தார். "எப்ப?"

அவள் புள்ளியை ஒரு தட்டுத் தட்டினாள். தேதியும் நேரங்களும் வந்தன. வாசித்தாள். மழைக்காலத்துத் தேதி.

"அது வரைக்கும் தன் புள்ளியை யாரும் பாக்க முடியாதபடி நிறுத்தி வெச்சிருக்கார். அன்னிக்கு மதியம் உங்க வாசல்ல நின்னுக்கிட்டே திரும்ப ஆன் பண்ணியிருக்கார். நான் வந்திருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியட்டும்னு பண்ணியிருப்பார் போல. சாயங்காலம் போனையே ஆஃப் பண்ணிட்டார். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல, கடைசியா இருந்த இடத்துலயே புள்ளி நின்னுடுச்சு."

"சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருந்தானா?"

"அங்க இங்க நகரலை சார். படியிலேயே உக்காந்திருந்திருப்பார்." அந்தப் பெண் சிரித்தாள். "நல்ல விஷயம்தானே சார்? பையன் வீடு தேடி வந்திருக்காரே!"

பூட்டுக்காரர் கதவைப் பார்த்தார். மேலே லென்ஸ் இருந்தது. அவனும் அவருமாகச் சேர்ந்து வைத்த லென்ஸ். உள்ளேயிருந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்? தட்டிவிட்டு அதற்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பான். அப்பா பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார் என்றுதானே நினைத்திருப்பான்? சாவியை வைத்துவிட்டுப் போன அன்றைக்குச் சொன்ன அதே சொல்லை. அதைக் கேட்டுக்கொண்டும் எழுந்து போகாமல், அம்மா பார்த்துவிட்டு வருவாள் என்று புள்ளியைக் காட்டிக்கொண்டு, மழை விடுகிற வரைக்கும் அந்தக் காய்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

மெஷின் பொய் சொன்னபோது அதை நம்பி மகனைத் துரத்தினார். அது உண்மையைச் சொன்னபோது நம்பமாட்டேன் என்றார். அவர் இதை இப்படி நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் விடைபெற்றுக்கொண்டு போனதுகூட அவருக்குத் தெரியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி கதவுநிலைக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, அவர் கையிலிருந்த போனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, எங்க காட்டுது? தண்ணியிலயா?"

"இல்ல. வீட்டுலதான். வாசப்படியில."

அவள் முழுசாக வெளியே வந்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நான் சொன்னேன்ல! யாராவது கேட்டீங்களா? எம் புள்ளை வீட்டை விட்டு எங்கயும் போகமாட்டான்னு எனக்குத் தெரியாதா?" அருகில் வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப நெசமாவே வந்தானா? எப்பங்க வந்தான்?"

"மழை பெய்ஞ்சுதே. நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தியே, அன்னிக்கு."

"அடப் பாவமே! நான் இல்லாத நாளாப் பாத்தா வரணும்? இத்தனை நாள் கழிச்சு வந்த புள்ளை, பெத்தவ இல்லையேன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள். தோளைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்" என்றார் பூட்டுக்காரர்.